பரிமாற்ற மாணவராக இருந்த நாட்டுக்கே மறுபடியும் ஓர் இளைஞர் கூடுகைக்காகப் போவதில் அர்த்தம் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். இப்போது அதே நாட்டில் நடக்கும் சர்வதேச இளைஞர் கூடுகைக்கு அழைப்பு வந்திருக்கிறது. "பார்த்த ஊர்தானே, அந்தக் காசுக்கு வேறு நாடு போகலாமே" என்று வீட்டில் சொல்கிறார்களாம். என் வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்தது. நான் போனேன். போகாமல் இருந்திருந்தால் அந்த நாட்டில் ஐந்து மாதம் இருந்தும் அதைப் பார்க்காதவளாகவே இருந்திருப்பேன்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூர் பக்கம். கரையோடு வடக்கே போனால் நீரோடி, அதைத் தாண்டினால் கேரளம். 1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் எங்கள் பங்குகள், அதாவது ஊர்க் கத்தோலிக்கக் கோவில் சபைகள், இன்றைக்கும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. அதனால் பள்ளிக்கூடத்தில் தமிழ், கோவிலில் மலையாளமும் தமிழும் கலந்து. சாமியாரை அச்சன் என்று கூப்பிடுவோம். ஆண்கள் ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்குப் போகிறவர்கள். தங்கல் போனால் லட்சத்தீவையும் தாண்டி ஓமான் பக்கம்வரை போய், ஒரு மாதம் கழித்துத்தான் கரையைப் பார்ப்பார்கள்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தபோது என் சித்தப்பா கடலில் இருந்தார். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸின் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை அதற்கு முன்பே கொடுத்திருந்தேன். 2018 செப்டம்பரில் போர்ச்சுகலில் உள்ள கோயிம்ப்ராவுக்குக் கிளம்பினேன். 1290-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. குன்றின் மேல் வகுப்புகள், கீழே மொண்டேகு ஆறு, கறுப்பு மேலங்கி போட்டுக்கொண்டு படியேறும் மாணவர்கள். மொழி கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அங்கிருந்து வந்த சொற்கள். எங்கள் ஊரில் நாற்காலியைக் கசேரை என்றும், குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கும்பசாரம் என்றும், தெருமுனைச் சிலுவையைக் குருசடி என்றும் சொல்வோம். அந்தச் சொற்களின் வேரும் போர்ச்சுகீசியம்தான். பாட்டியின் வாயில் கேட்ட சொற்களை ஆறாயிரம் மைல் தாண்டி ஒரு பேக்கரிக்காரர் வாயில் கேட்டபோது தொண்டை அடைத்தது.

ஆனால் அந்த ஐந்து மாதத்தில் நான் கடலுக்குப் போகவில்லை. ஃபிகெய்ரா ட ஃபோஸ் என்ற கடற்கரை ஊர் ஒரு மணி நேர ரயில் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை தோழிகள் கிளம்புவார்கள். எனக்குத் தலைவலி, அசைன்மெண்ட், மாதவிலக்கு என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் "பிசினஸ்" என்றேன். மீன்பிடிக்கிறார் என்று சொன்னால் அடுத்த கேள்வி கடலைப் பற்றி வரும், அதற்கடுத்து ஒக்கிக்கு வரும் என்று பயம். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். நான்தான் யாரென்று தெரிவிக்காமலே இருந்துவிட்டு வந்தேன்.

அப்புறம் 2023. லிஸ்பனில் உலக இளையோர் நாள், கத்தோலிக்க இளைஞர்களின் சர்வதேசக் கூடுகை. 2022-ல் நடக்க வேண்டியது, கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போனது. எங்கள் பக்கத்திலிருந்து ஒன்பது பேர் போவதாக இருந்தது. "உனக்கு அந்தப் பாஷை தெரியுமே, பிள்ளைகளுக்குத் துணையாப் போ" என்றார் அச்சன். எனக்கு அப்போது 27 வயது, பிள்ளைகளில் பலருக்கு இருபதுகூட ஆகவில்லை.

விசாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கும் உதவலாம். எங்களில் இரண்டு பையன்களுக்கு முதல் முறை மறுத்துவிட்டார்கள். கடல் தொழில் செய்கிற வீட்டில் சம்பளச் சீட்டு கிடையாது. வங்கிக் கணக்கில் ஒரு தங்கல் முடிந்ததும் பெரிய தொகை ஏறும், பிறகு இரண்டு மாதம் ஒன்றும் இருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது யாரோ கடனாகப் போட்டு எடுத்த பணம்போலத் தெரியும். படகின் பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டை, மீன் விற்ற கணக்கு, பங்குத்தந்தையின் கடிதம், தொழில் எப்படி நடக்கிறது என்று விளக்கி நான் எழுதிய ஒரு பக்கம், எல்லாம் சேர்த்து மறுபடி கொடுத்தோம். இரண்டாம் முறை கிடைத்தது. முதல் தடவையே அப்படிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வாரம் அந்தப் பையன்கள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

லிஸ்பன் நிகழ்ச்சி ஆகஸ்ட் 1 முதல் 6 வரை. அதற்கு முன்னால், ஜூலை 26 முதல் 31 வரை, வந்தவர்களை நாடு முழுவதும் மறைமாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பி, வீடுகளில் தங்க வைத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது கோயிம்ப்ரா மறைமாவட்டம். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். எந்த ஊர் என்று பிறகுதான் தெரிந்தது: பிராயா டி மிரா. பிராயா என்றால் கடற்கரை. நான் படித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

முதல் இரவு தூங்கவில்லை. அட்லாண்டிக்கின் இரைச்சல் எங்கள் கடலைவிடக் கனமானது, ஆனாலும் அது கடல்தான். விடிந்ததும் பையன்கள் வந்து எழுப்பினார்கள்: "சேச்சி, கரமடி இழுக்காங்க, வா."

உண்மையிலேயே கரமடிதான், கரையில் நின்று இழுக்கும் வலை. அங்கே அதற்கு ஷாவெகா என்று பெயர். முன்பக்கம் பிறை நிலாபோல் தூக்கி நிற்கும் படகில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். முன்பெல்லாம் கரையிலிருந்து மாடு கட்டி இழுத்தார்களாம், இப்போது டிராக்டர். மடி கரைக்கு நெருங்கியபோது எங்கள் பையன்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள். யாரும் கூப்பிடவில்லை. கயிற்றை எப்படிச் சுருட்டுவது, மடியை எந்த இடத்தில் பிடித்துத் தூக்குவது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அங்கிருந்த வயதான மீனவர் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, "இவர்கள் எந்தக் கரை?" என்று கேட்டார். எந்த நாடு என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மடியில் சாளையும், பாரை இனத்துச் சின்ன மீனும் கிடந்தன. இனி இதை என்ன செய்வார்கள் என்று பையன் ஒருவன் கேட்டான். பக்கத்திலிருந்த பெண் சொன்ன பதிலில் "லெய்லாவ்" என்ற சொல் வந்தது. நான் மொழிபெயர்க்கும் முன்னே அவன், "ஏலமா?" என்றான். ஆமாம், நம் ஏலமும் அங்கிருந்து வந்த சொல்தான். நம் கரைகளில் தினமும் கூவுகிற சொல்.

எனக்கு வீடு கொடுத்தவர் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா, கூடவே அவர் மகள். சமையலறைச் சுவரில் ஓர் இளைஞனின் படம். அந்த அம்மாவின் அண்ணன். அந்தக் காலத்தில் இந்தக் கரைக்காரர்கள் காட் மீன் பிடிக்க நியூஃபவுண்ட்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் கப்பலில் போவார்கள். போனால் ஆறு மாதம். கப்பலிலிருந்து ஒவ்வொருவரும் தனித்தனிச் சின்னப் படகில் இறங்கி, பனிமூட்டத்துக்குள் துடுப்பு போட்டுப் போய்த் தூண்டில் போட வேண்டும். அவர் இறங்கிய படகு ஒருநாள் கப்பலுக்குத் திரும்பவில்லை.

"உன் அப்பா என்ன செய்கிறார்?" என்று அவர் கேட்டார். "பெஷ்கடோர்" என்றேன். மீனவர். அந்த நாட்டில் நான் அந்தச் சொல்லை என் அப்பாவுக்குச் சொன்னது அதுதான் முதல் முறை. பிறகு எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் ஒக்கியைச் சொன்னேன். சித்தப்பாவைச் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மகளிடம் ஒரு காகிதமும் பேனாவும் கேட்டு வாங்கி, சித்தப்பாவின் பெயரை எழுதித் தரச் சொன்னார். அன்று மாலைத் திருப்பலியில் கடலில் இறந்தவர்களுக்காக மன்றாடும்போது, அவர் அண்ணன் பெயருக்கு அடுத்து சித்தப்பாவின் பெயரையும் வாசித்தார்கள். வாசித்தவருக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. இரண்டு முறை தடுமாறி, பாதி வேறு பெயராகவே சொன்னார். நான் அழுதேன். எங்கள் பையன்களும் அழுதார்கள். ஒன்பது வீட்டில் நான்கு வீட்டில் ஒக்கி நுழைந்திருந்தது.

லிஸ்பனைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். போப் பிரான்சிஸ் வரவேற்பு நிகழ்ச்சியில் "தோதுஷ், தோதுஷ், தோதுஷ்" என்றார், திருச்சபையில் எல்லாருக்கும் இடமுண்டு என்ற பொருளில். டேகஸ் ஆற்றங்கரையில் கடைசி இரவு சுமார் 15 லட்சம் பேர் வெட்டவெளியில் படுத்திருந்தோம், நல்ல வெயில் காலம். எனக்கு மனதில் நிற்பது பெலேம் பகுதியில் வரிசையாக வைத்திருந்த 150 கும்பசாரக் கூடுகள். சிறைக் கைதிகள் செய்தவை, கோயிம்ப்ரா சிறையில் இருந்தவர்களும் அதில் உண்டு. பக்கத்தில் ஆறு கடலைப் பார்த்து ஓடுகிறது. 1541 ஏப்ரல் 7-ஆம் தேதி வேதபோதகர் பிரான்சிஸ் சவேரியார் இந்த லிஸ்பனிலிருந்துதான் கப்பலேறினார், 1544-ல் எங்கள் திருவிதாங்கூர்க் கரைக்கு வந்து மீனவர்களான முக்குவர் ஊர்களில் திருமுழுக்குக் கொடுத்தார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. பையன்களுக்கு அதைச் சொன்னபோது, அந்தக் கதையில் எங்களுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது என்று முதல் தடவையாகப் பட்டது.

ஆகவே போங்கள். முடிந்தால் கூடுகைக்கு ஒரு வாரம் முன்பே போய், வீடுகளில் தங்க வைக்கும் ஏற்பாடு இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். மறந்துபோன மொழியை ஒரு மாதமாவது தூசி தட்டுங்கள். முதல் முறை நீங்கள் போகாமல் தவிர்த்த இடம் ஏதாவது இருந்தால், அதை எனக்கு எழுதவேண்டியதில்லை, பயணத் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் மகள் ஒவ்வொரு நவம்பர் 30-ஆம் தேதியும் எனக்கு வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்புகிறார், அன்றைய மன்றாட்டுத் தாளின் படம். போன முறை வந்த தாளில் சித்தப்பாவின் பெயருக்கு நேரே, எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அசை பிரித்து பென்சிலால் எழுதியிருந்தது. என் அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதை விரலால் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு அசையாக வாசித்தார்.