அப்பாவோட ரெக்கார்டு பெட்டிக்கு இப்ப என்ன விலை?

போன மாசம் பழைய ரெக்கார்டு, கேசட் பத்தி ரெண்டு வரிதான் எழுதினேன், அதுக்கு இவ்ளோ கடிதமும் வாட்ஸ்அப்பும் வரும்னு நெனைக்கல. பாதிக்கு மேல ஒரே விஷயத்ததான் கேட்டிருக்கீங்க, அதனால மத்த கேள்விங்கள அடுத்த மாசத்துக்கு எடுத்து வச்சிட்டேன்.

கேள்வி: அண்ணா, எங்கப்பா போன வருஷம் தவறிட்டாரு. துறைமுகத்துல வேலை பாத்தவரு, சம்பளம் வந்தா மொதல்ல போறது ரெக்கார்டு கடைக்குதான். வீட்ல இப்ப 380 எல்பி ரெக்கார்டு, கிட்டத்தட்ட 600 கேசட், அப்புறம் கனமா இருக்குற பழைய 78 ரெக்கார்டு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தறது) ரெண்டு பெட்டி இருக்கு. "இதெல்லாம் தங்கம்மா, பின்னால உங்களுக்கு உதவும்"னு சொல்லிட்டே இருப்பாரு. பழைய சாமான் வாங்கறவரு ஒருத்தரு வந்து பாத்துட்டு மொத்தமா 900 வெள்ளி (ரிங்கிட்) தரேன்னாரு. அண்ணன் அவர திட்டி அனுப்பிட்டாரு, அம்மா ரெண்டு நாளா சாப்பிடல. உண்மையான விலை என்ன?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, அப்பா பொய் சொல்லல, அத மொதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க. அவரு அத சொன்ன காலத்துல அது நெஜமாவே அப்படித்தான் இருந்துச்சு. 20 வருஷத்துக்கு முன்ன நானே ஒரு எம்.எஸ்.வி. எல்பிய 80 வெள்ளி குடுத்து வாங்கியிருக்கேன், பேரம் பேசாம. அதே ரெக்கார்டு, அட்டை என்னுதவிட சுத்தம், ரெண்டு மாசத்துக்கு முன்ன பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில 15 வெள்ளிக்கு போச்சு, அதுவும் வாங்கினவரு போயிட்டு திரும்பி வந்து திரும்பவும் கொறைச்சு கேட்டு வாங்கினாரு.

ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா, 1965-ல 20 வயசு பையனா கோலாலம்பூர் கொலிசியம் தியேட்டர் வாசல்ல வரிசையில நின்னவருக்கு இப்ப வயசு 80 ஆச்சு. அவங்கதான் இந்த ரெக்கார்டுங்களுக்கு காசு குடுத்துட்டு இருந்தவங்க. இப்ப அவங்க வாங்கறத நிறுத்திட்டாங்க, வீட்ட விட்டு பிள்ளைங்களோட கொண்டோக்கு போறாங்க, இல்ல தவறிடறாங்க, பிள்ளைங்க வீட்ட காலி பண்றாங்க, அப்ப ஒரே பத்து வருஷத்துல எல்லா வீட்டு பெட்டியும் சேர்ந்து வெளிய வருது, வாங்கதான் ஆள் இல்ல. இது நம்ம ஆளுங்களுக்கு மட்டும் நடக்கல. அமெரிக்க பாடகர் எல்விஸ் பிரெஸ்லி செத்தது 1977-ல, அவரு மேல பைத்தியமா இருந்த மொதல் கூட்டம் இப்ப 85-ஐ தாண்டிட்டாங்க, அவரோட சாதாரண ரெக்கார்டு, படம் போட்ட தட்டு, போஸ்டர் எல்லாம் பழைய விலைக்கு போறதில்லன்னு வெளிநாட்டு பத்திரிகைங்க ரொம்ப நாளா எழுதிட்டு வருது.

இன்னொன்னு, முன்னெல்லாம் ஒரு ரெக்கார்டு பினாங்குல ஒரே ஒருத்தர்கிட்ட இருந்தா அது 'கெடைக்காத சரக்கு'. 1995-ல இன்டர்நெட் ஏல தளம் இபே வந்துச்சு, 2000-ல ரெக்கார்டுக்குன்னே தனி தளமா டிஸ்காக்ஸ் வந்துச்சு, அந்த கெடைக்காத சரக்கு சென்னையில ஒருத்தர்கிட்ட, கொழும்புல ஒருத்தர்கிட்ட, லண்டன்ல மூணு பேர்கிட்ட இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அப்புறம் 2013-ல போன்லயே பாட்டு கேக்கற ஸ்போட்டிஃபை மலேசியாவுக்கு வந்துச்சு. பாட்டு கேக்கறதுக்காக ரெக்கார்டு வாங்கினவங்க அதோட போயிட்டாங்க, பொருள் கையில வேணும்னு நெனைக்கறவங்க மட்டும் மிச்சம். எல்பி திரும்ப மவுசாயிடுச்சேன்னு உங்கண்ணன் கேப்பாரு. ஆமா, அமெரிக்காவுல 2022-ல 1987-க்கு அப்புறம் மொத தடவையா சிடியவிட எல்பி எண்ணிக்கையில அதிகமா வித்துச்சு. ஆனா அந்த கணக்கு புதுசா அச்சடிச்சு விக்கற ரெக்கார்டுங்களோடது, கீறல் விழுந்த 1970-கள் பக்தி பாட்டு எல்பிய தேடி அந்த பிள்ளைங்க வர்றதில்ல.

ஆனாலும் 900-க்கு மொத்தமா தூக்கி குடுத்துடாதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாவயும் பக்கத்துல உக்கார வச்சிட்டு பிரிங்க.

78-ல இருந்து ஆரம்பிங்க. அது அரக்கு கலந்து செஞ்சது, கை தவறினா ஓடு மாதிரி உடைஞ்சிடும், அடுக்கா தூக்காதீங்க, ஒவ்வொண்ணா எடுங்க. எல்பி ஊசியில அத போட்டா சரியா கேக்காது, பள்ளம் அகலம், அதுக்கு தனி ஊசி வேணும், அந்த மிஷின் யார் வீட்டுலயும் இல்ல, அதனாலதான் அதுக்கு விலையே இல்லாம போச்சு. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. இங்கிலாந்துல 78 அச்சடிக்கறத 1960 வாக்குல நிறுத்திட்டாங்க, ஆனா இந்தியாவுல கல்கத்தா பக்கம் டம்டம்ல இருந்த எச்.எம்.வி. கம்பெனி 60-கள் நடு வரைக்கும் போட்டுட்டு இருந்துச்சு, இங்கிலாந்து பாப் குழு பீட்டில்ஸ் பாட்டு கூட 78-ல வந்திருக்கு. வெள்ளைக்கார சேகரிப்பாளருங்க அத தேடிட்டு இருக்காங்க. அப்பா துறைமுகத்துல இருந்தவரு, எங்கெங்கயோ இருந்து வந்த சரக்க பாத்தவரு, தமிழ் ரெக்கார்டு நடுவுல பீட்டில்ஸ் பாட்டு வந்த பார்லஃபோன் கம்பெனி பேரு போட்ட ஒரு லேபிள் மாட்டினா அத தனியா துணியில சுத்தி வைங்க, யாருக்கும் காட்டாதீங்க, எனக்கு படம் அனுப்புங்க.

எல்பியில எக்கோ கம்பெனி லேபிள்ல வந்த இளையராஜா பாட்டு இருந்தா தனியா வைங்க, இப்ப 40, 50 வயசுல இருக்கறவங்க அத இன்னும் கேக்கறாங்க, அவங்க கையில காசும் இருக்கு. 90-கள் ஆரம்பத்துல வந்த தமிழ் எல்பி எதுவா இருந்தாலும் தனி, ஏன்னா அப்ப எல்லாரும் கேசட்டுக்கு போயிட்டாங்க, எல்பி கொஞ்சமாதான் அச்சடிச்சாங்க. மலாய் பாடகர், நடிகர் பி. ரம்லியோடது, 60-கள் பாப் யே யே மலாய் பாட்டு சின்ன ரெக்கார்டுங்க இருந்தா அதுவும் தனி. மத்ததெல்லாம், வசன ரெக்கார்டு, பக்தி, எல்லார் வீட்டுலயும் இருந்த ஹிட் படங்க, அதெல்லாம் ஒண்ணு 5 வெள்ளிக்கு போனாலே நல்ல விலை. பாக்கறப்ப டியூப்லைட்டுக்கு கீழ ரெக்கார்ட சாய்ச்சு பிடிங்க, நேரா பாத்தா ஒண்ணும் தெரியாது, சாய்ச்சாதான் முடி மாதிரி கீறலும், நம்ம ஊரு ஈரத்துக்கு பிடிக்கற வெள்ளை பூஞ்சையும் தெரியும். பூஞ்சை கழுவினா போகும், கீறல் போகாது.

அட்டையில பேனாவால பேரு எழுதியிருந்தா சந்தையில விலை பாதியாயிடும். அப்பா எழுதுற பழக்கம் உள்ளவரா இருந்தா, அந்த எழுத்து இருக்குற ரெக்கார்டுங்கள விக்காதீங்க தங்கச்சி. அதுக்கு வெளிய கெடைக்கறது 3 வெள்ளி. வீட்டுலயே இருக்கட்டும்.

கேசட்ட பத்தி ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன், கடையில வாங்கின கேசட்டுக்கு காசு கெடைக்காது. ஆனா கையால எழுதின கேசட் கண்டிப்பா இருக்கும், ரேடியோவுல இருந்து பதிவு பண்ணினது, கல்யாண வீட்டுல பாடினது, நம்ம உள்ளூர் பாடகருங்க மேடையில பாடினது. அது உலகத்துல ஒரே ஒரு பிரதி. பழைய ஆர்.டி.எம். (மலேசிய அரசு வானொலி) தமிழ் ஒலிபரப்ப அன்னைக்கு யாரும் வீட்டுல பத்திரமா வைக்கணும்னு நெனைக்கல, உங்கப்பா மாதிரி ஆளுங்க பதிவு பட்டன அமுக்கினதாலதான் சில குரல் இன்னைக்கு வரைக்கும் இருக்கு. கேசட்டோட மேல் ஓரத்துல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் பல்லு இருக்கும், அத ஒடச்சி விட்டுடுங்க, அப்ப தெரியாம யாரும் மேல பதிவு பண்ண முடியாது. அப்புறம் கம்ப்யூட்டர்ல ஏத்துங்க. இத தள்ளி போடாதீங்க, டேப் வருஷா வருஷம் கெட்டுட்டே வரும்.

இவ்ளோவும் எடுத்த பிறகு மிச்சத்த அந்த பழைய சாமான் வாங்கறவருக்கே குடுக்கலாம், 500, 600 சொன்னாலும் அது நியாயமான விலைதான். 300 எல்பி தூக்கிட்டு போயி, கழுவி, ஒவ்வொரு வாரமும் கடை போட்டு விக்கற உழைப்பு அவருதான் பண்ணணும்.

கேள்வி: ரசிகருங்க பொருளுக்கு விலை இல்லன்றீங்க, நியூஸ்ல கிட்டாருக்கு கோடி கோடியா குடுக்கறாங்களே?
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஐயா, குடுக்கறாங்கதான். 2020-ல அமெரிக்க ராக் பாடகர் கர்ட் கோபேன் வாசிச்ச கிட்டார் 60 லட்சம் டாலருக்கு போச்சு. அது அவரு கையில இருந்த கிட்டார், அந்த மாதிரி இன்னொன்னு கெடையாது. இதவிட நல்ல உதாரணம் பீட்டில்ஸோட 1968 டபுள் எல்பி. அதோட அட்டையில வரிசை நம்பர் அச்சடிச்சிருப்பாங்க, லட்சக்கணக்குல வித்த ரெக்கார்டு அது. அதுல 1-ஆம் நம்பர் பிரதி அந்த குழுவோட டிரம்மர் ரிங்கோ ஸ்டார்கிட்ட இருந்துச்சு, 2015 ஏலத்துல 7,90,000 டாலருக்கு போச்சு. அதே பாட்டு, அதே பிளாஸ்டிக், பெரிய நம்பர் போட்ட சாதாரண பிரதிய அதுல ஒரு துளி விலைக்கு வாங்கிடலாம். பாடகர் தொட்டது, ஒண்ணே ஒண்ணு இருக்கறது, அது மேல மேல போகுது. நம்மள மாதிரி ரசிகருங்க வாங்கி சேத்தது, ஆயிரம் வீட்டுல இருக்கறது, அது கீழ வந்துட்டு இருக்கு. மேல போறதுக்கு மட்டும்தான் நியூஸ் போடறாங்க.

கேள்வி: எஸ்.பி.பி. ஐயா கையெழுத்து போட்ட எல்பி என்கிட்ட இருக்கு, நானே நேர்ல வாங்கினது. இப்ப வித்தா என்ன கெடைக்கும்?
வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: நீங்க நேர்ல வாங்கினீங்கன்னு நான் நம்பறேன், வாங்க வர்றவரு எப்படி நம்புவாரு? அந்த கச்சேரி டிக்கெட் இருக்கா, அவரு கையெழுத்து போடறப்ப எடுத்த படம் இருக்கா? ரெண்டும் இருந்தா சேத்து வைங்க, தனித்தனியா வைக்காதீங்க. பீட்டில்ஸ் கையெழுத்துன்னு உலகம் பூரா சுத்தறதுல நெறைய அவங்க கூட இருந்த நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் போட்டு குடுத்தது, அது தெரிஞ்சதுல இருந்து சாட்சி இல்லாத கையெழுத்த யாரும் சீந்தறதில்ல.

2020 செப்டம்பர் 25 அவரு தவறினாரு, அந்த வாரமே எனக்கு எத்தனையோ போன், சில பேரு விக்கறதுக்கு, சில பேரு எவ்ளோ வேணா தரேன்னு. ஆறு மாசத்துல அடங்கிடுச்சு. பாடகர் போனா விலை ஏறும்னு சொல்றது அந்த கொஞ்ச நாளுக்குதான். காசு அவசரம் இல்லன்னா வச்சிக்கோங்க. சுவத்துல வெயில் படற எடத்துல மட்டும் மாட்டாதீங்க, பேனா மை வெளுத்துடும், நான் ஒரு வீட்டுல பாத்தேன், ஃபிரேம் இருக்கு, அட்டை இருக்கு, கையெழுத்து இருந்த எடத்துல லேசா ஒரு ஊதா கறை.

கேள்வி: என் மகளுக்கு 16 வயசு. கொரியன் பாட்டு கும்பலோட போட்டோகார்டு வாங்கியே 1,200 வெள்ளி செலவு பண்ணிட்டா. கேட்டா "இன்வெஸ்ட்மென்ட் மா"ன்றா. எல்லாத்தயும் வித்துடவா?
வாசகி, பூச்சோங்

பதில்: அம்மா, அவளுக்கு தெரியாம ஒரு கார்டு கூட விக்காதீங்க, அந்த காயம் ஆறாது. ஆனா இன்வெஸ்ட்மென்ட்ன்ற வார்த்தைய மட்டும் உக்கார வச்சு பேசுங்க. ஆல்பம் வாங்கினா உள்ள யாரோட கார்டு வரும்னு தெரியாது, வேணும்ன்ற மொகம் வர்ற வரைக்கும் வாங்கணும், அப்படித்தான் அத வடிவமைச்சிருக்காங்க. அந்த கார்டோட விலை கும்பல் எவ்ளோ சூடா இருக்கோ அவ்ளோதான், திரும்ப அதே ஆல்பத்த அச்சடிச்சா எறங்கும், கும்பல் பிரிஞ்சா, பசங்க கட்டாய ராணுவ சேவைக்கு போனா ஆடும். பட்டர்வொர்த் தங்கச்சியோட அப்பா ரெக்கார்டுங்களுக்கு விலை எறங்க 40 வருஷம் ஆச்சு, இதுல 4 வருஷத்துல ஆயிடும்.

ஒரு வழி சொல்றேன். அவ வச்சிருக்கறதுல ரொம்ப புடிச்ச 20 கார்ட எடுத்து வைக்க சொல்லுங்க, மீதிய அவளே காரோசல் (பழைய பொருள் விக்கற ஆப்) மூலமா விக்கட்டும், வர்ற காச அவகிட்டயே விடுங்க. எத்தன பேரு கேக்கறாங்க, எவ்ளோ கொறைக்கறாங்கன்னு அவளே பாத்துக்குவா. கூட்டா ஆர்டர் போடறேன்னு முன்பணம் வாங்கற ஆளுங்ககிட்ட மட்டும் நீங்க கண்ணு வைங்க, தெரியாத ஆளோட அக்கவுண்டுக்கு காசு அனுப்பறதுக்கு முன்ன உங்ககிட்ட காட்டணும்னு சொல்லிடுங்க.

கேள்வி: என்கிட்ட ரெக்கார்டு இல்ல, தியேட்டர்ல வித்த பாட்டு புஸ்தகம்தான் 200-க்கு மேல இருக்கு, 1950-கள்ல இருந்து. பேரப்பிள்ளைங்களுக்கு தமிழ் படிக்கவே வராது. தூக்கி போடவும் மனசு வரல.
வாசகர், ஜெலுத்தோங், வயது 79

பதில்: ஐயா, போடாதீங்க, கையெடுத்து கும்பிட்டு கேக்கறேன். விலைன்னு பாத்தா அதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, மட்டமான பேப்பர், ஸ்டேப்ளர் துரு பிடிச்சிருக்கும். ஆனா சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்னு ஒண்ணு இருக்கு. கோட்டையூர்காரரு ரோஜா முத்தையா செட்டியார், தனி ஆளா வாழ்க்கை முழுக்க சேத்த புஸ்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கல்யாண பத்திரிகை, இதுதான் அதோட அடித்தளம். 1992-ல அவரு தவறின பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத வாங்கி, வெளிநாட்டுக்கு கொண்டு போகாம சென்னையிலயே 1994-ல நூலகமா வச்சாங்க. சினிமா பாட்டு புஸ்தகமும் அங்க பாதுகாக்கறாங்க. உங்களுது பினாங்குல வித்ததா இருந்தா பின் அட்டையில உள்ளூர் கடை விளம்பரம் இருக்கலாம், பழைய சைக்கிள் கடை, துணி கடை, அது சென்னையில இருக்கற பிரதியில இருக்காது.

துரு பிடிச்ச ஸ்டேப்ளர் கம்பிய பிடுங்காதீங்க, பேப்பர் கிழியும். ரப்பர் பேண்ட் போட்டிருந்தா மட்டும் இன்னைக்கே எடுத்துடுங்க, உருகி ஒட்டிக்கும். தலைப்பயும் வருஷத்தயும் ஒரு நோட்டுல எழுத ஆரம்பிங்க, முடியலன்னா விடுங்க. நான் ஜார்ஜ்டவுன்லதான் இருக்கேன், பஸ்ல அரை மணி நேரம், வர்ற சனிக்கிழமை காலையில வரேன், ரெண்டு பேரும் சேந்தே எழுதிடலாம்.