வாசகர் கேள்வி – பதில்: எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆப்ஷன், எதற்கு?

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியே இருந்ததால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகள் சேமித்து, இரண்டு இருக்கைகள் மட்டும் உள்ள எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பதிவு செய்யப் போகிறேன். விற்பனையாளர் தந்த ஆப்ஷன் பட்டியல் நான்கு பக்கம் நீள்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரில் "இதைப் பிறகு பொருத்த முடியுமா?" என்ற கேள்விக்கான விடையை முதலில் குறியுங்கள். சேசிஸின் (காரின் அடிச்சட்டகம்) அகலம், இருக்கைக்குக் கீழே தாழ்த்தப்பட்ட தரை, கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பாகம்), கூரையின் வகை, ஏ.சி. ஆகியவை கார் உருவாகும்போதே உள்ளே போக வேண்டியவை. பின்னால் மாற்ற முனைந்தால் சில முடியவே முடியாது. முடிகிறவற்றுக்கும் தொழிற்சாலையில் ஆகும் செலவைவிட மிக அதிகமாக ஆகும். டயர், பிரேக் பேட், ஸ்பீக்கர், தரைவிரிப்பு, பெரும்பாலான கார்களில் சீட்கூட, ஓராண்டு ஓட்டிப் பார்த்த பிறகு சாவகாசமாக மாற்றிக்கொள்ளக்கூடியவை. உங்கள் பணம் முதலில் முதல் வகைக்குப் போகட்டும்.

அடுத்து, மிச்சமிருக்கும் வரிகளுக்கு எதிரில் கிலோவை எழுதுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரிடம் கேட்டுத் தரச் சொல்லுங்கள். இந்த வகைக் காரில் அது நியாயமான கேள்வி. 1996-இல் வந்த முதல் லோட்டஸ் எலிஸின் எடை ஏறத்தாழ 725 கிலோ. பிசினால் ஒட்டப்பட்ட அலுமினியச் சட்டகம் மட்டும் 68 கிலோதான் இருந்தது. 118 குதிரைத்திறனே கொண்ட எஞ்சின் அந்தக் காரை அவ்வளவு துடிப்பாக இழுத்துச் சென்றதற்கு வேறு மந்திரம் எதுவும் இல்லை. அத்தகைய காரில் 30 கிலோ சேர்த்தால் எடை நான்கு விழுக்காடு கூடுகிறது. ஒன்றரை டன் காரில் அதே 30 கிலோ இரண்டு விழுக்காடுதான். ஆல்பைன் ஏ110 காரை வடிவமைத்தவர்கள், பின்சக்கர பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள்ளேயே பார்க்கிங் பிரேக்கையும் அடக்கி 2.5 கிலோவை மிச்சப்படுத்தினார்கள். அவர்கள் பாடுபட்டுக் குறைத்த எடையை, நான்காம் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடும் இரண்டு டிக் திரும்பக் கொண்டுவந்துவிடும் என்பதை நினைத்துக்கொண்டு கையெழுத்திடுங்கள்.

கேள்வி: ஒரே காருக்கு மூன்று இடங்களில் மூன்று எடை போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

மூன்றுமே சரியாக இருக்கலாம். எரிபொருளும் திரவங்களும் இல்லாமல் சொல்லப்படுவது உலர் எடை. விளம்பரத்துக்கு அழகானது, ஓட்டுபவருக்குப் பயனில்லாதது. எல்லாத் திரவங்களும் நிறைந்த நிலையில் சொல்லப்படுவது கெர்ப் எடை. ஐரோப்பிய விதிப்படி சொல்லப்படும் எடையில், 90 விழுக்காடு நிரம்பிய பெட்ரோல் டேங்குடன் ஓட்டுநருக்கென 75 கிலோவும் சேர்ந்திருக்கும். இரண்டு கார்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே கணக்கில் சொன்ன எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணில் நீங்கள் தேர்ந்த ஆப்ஷன்கள் அநேகமாக அடங்கியிருக்காது என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: ஒரு அங்குலம் பெரிய வீல், ஸ்போர்ட் சஸ்பென்ஷன், ட்ராக் டயர் (பந்தயத் திடலுக்கான டயர்) ஆகிய மூன்றும் சேர்ந்த பேக் ஒன்று இருக்கிறது. பார்க்க மிக அழகாக இருக்கிறது. எடுக்கலாமா?

அழகுக்காக என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். நானும் இதே பேக்கைத் தேர்ந்தவன்தான். காட்சிக்கூடத்தின் பளபளப்பான தரையில் அந்தக் கார் தாழ்ந்து நின்ற கோலம் மனத்தில் பதிந்துவிட்டது. முதல் வாரமே, நான் நாள்தோறும் போகும் பாதையில், ஒட்டுப்போட்ட தார்ச்சாலை வளைவு ஒன்றில், காரின் பின்பகுதி ஒவ்வொரு ஒட்டிலும் அரை அங்குலம் வெளிப்புறமாகத் தாவித் தாவி இறங்கியது. டயர் தரையைவிட்டு எழும் ஒவ்வொரு கணமும் பிடிப்பு இல்லாத கணம். சாதாரண ஸ்பிரிங் போட்ட நண்பரின் கார் அதே வளைவை அதிக வேகத்தில், சிறிதும் பதறாமல், சாலையைத் தடவிக்கொண்டு கடந்து போயிற்று. இரண்டாம் ஆண்டில் நானும் சாதாரண ஸ்பிரிங்குக்கும் சிறிய வீலுக்கும் மாறினேன்.

காரணம் எளிது. எடை குறைந்த காரில், சக்கரம் எழும்பும்போது அதை அடக்கிக் கீழே வைக்க மேலிருந்து அழுத்தும் எடை குறைவு. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் வீல், டயர், பிரேக் ஆகியவற்றின் எடை கூடக்கூட, மேலேயுள்ள காருக்கும் அதற்கும் உள்ள விகிதம் கெடுகிறது. மேலும் சக்கரம் முன்னே நகர்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால், அதன் வெளி விளிம்பில் கூடும் ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது ஏறக்குறைய இரண்டு கிலோவின் பளுவைத் தருகிறது. ஆகவே பெரிய வீல்தான் வேண்டுமென்றால் ஃபோர்ஜ் செய்யப்பட்டதாக (உலோகத்தை அழுத்தி உருவாக்கியது), சிறிய வீலைவிட எடை கூடாததாக இருக்கட்டும்.

டயரின் அகலத்தையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். முதல் எலிஸின் முன் டயர்கள் 185 மி.மீ. அகலம்தான், கேட்டர்ஹாம் செவன் 170-இல் 155 மி.மீ. 2012-இல் வந்த டொயோட்டா 86, பிரியஸ் காருக்கும் ஆப்ஷனாகத் தரப்பட்ட அதே சிக்கன வகை டயருடன் விற்பனைக்கு வந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் சாதாரண வேகத்திலேயே காரின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை ஓட்டுபவரின் கைக்கும் இடுப்புக்கும் சொல்லித் தருவதே அந்தத் தேர்வின் நோக்கம். அகலமான, ஒட்டும் தன்மை மிகுந்த டயர் அந்த எல்லையை உயரே தள்ளிவிடும். பொதுச் சாலையில் நீங்கள் அதைத் தொடவே முடியாது, தொடவும் கூடாது. ட்ராக் டயரோ ஈரத்திலும் குளிரிலும் நம்பத்தக்கதல்ல. பந்தயத் திடலுக்குப் போவது உறுதியானால் அதற்கென இன்னொரு செட் வீல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் அவசியமா?

பின்சக்கர இயக்கம் கொண்ட, உண்மையிலேயே வேகமாக ஓட்டப்போகிற காரானால், முழுப் பட்டியலிலும் முதலில் டிக் செய்ய வேண்டியது இது என்பது என் கருத்து. இறுக்கமான வளைவிலிருந்து வெளியேறும்போது உட்பக்கச் சக்கரத்தின் மீதுள்ள பளு குறைகிறது. சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தச் சக்கரம் வெறுமனே சுற்றத் தொடங்கிவிட்டால், பிடிப்புள்ள வெளிச் சக்கரத்துக்கும் விசை போய்ச் சேராது. லிமிட்டெட் ஸ்லிப் இருந்தால் விசை இரண்டு சக்கரங்களுக்கும் போகும்; ஆக்சிலரேட்டரை அழுத்தும் அளவுக்கேற்பக் காரின் பின்பகுதி எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியும். எடையும் அவ்வளவாகக் கூடாது. பின்னால் மாற்றுவதானால் டிஃபரன்ஷியலையே கழற்றிப் பிரிக்க வேண்டும் என்பதால், பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். நிதானமாக ஊர்சுற்ற மட்டும் கார் வாங்குபவர் இதை விட்டுவிடலாம்.

கேள்வி: என் கணவர் ஏ.சி., ரேடியோ எதுவும் வேண்டாம், எடை கூடும் என்கிறார். பக்கத்து இருக்கையில் அமரப்போகிறவள் நான். எனக்காக ஏதாவது சொல்லுங்கள்.

அம்மா, உங்கள் பக்கம்தான் நான் பேசப்போகிறேன், ரேடியோவைத் தவிர. உங்கள் கணவரின் எண்ணத்துக்கும் முன்னுதாரணம் இருக்கிறது: 2010-இல் விற்பனைக்கு வந்த போர்ஷே பாக்ஸ்டர் ஸ்பைடரில் எடையைக் குறைப்பதற்காக ஏ.சி.யையும் ரேடியோவையும் அடிப்படைப் பொருத்தத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கதவின் உட்புறக் கைப்பிடிக்குப் பதிலாகத் துணிப்பட்டைகூட வைத்தார்கள். ஆனாலும் ஏ.சி. வெறும் சுகத்துக்கு மட்டும் உரியதல்ல. மழையில் துணிக்கூரையை மூடிக்கொண்டு இருவர் உட்கார்ந்தால், சிறிய கேபினில் சில நிமிடங்களில் கண்ணாடி முழுதும் மூச்சு படிந்து வெண்மையாகிவிடும். ஓட்டுபவர் ஒரு கையால் துணியை வைத்துத் துடைத்தபடி அடுத்த கையால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க நேரும். ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை எடுத்து அந்தப் படலத்தை விரைவில் போக்குகிறது. கார் வெயிலில் நின்றுவிட்டால், ஓட்டும் ஆசையே கெட்டுப்போகும் அளவுக்கு உள்ளே கொதிக்கும். கொட்டகையிலேயே நிற்கும் இலேசான காரைவிட, சற்றே எடை கூடி வாரந்தோறும் வெளியே வரும் கார் மேலானது.

முன்கண்ணாடிகூட ஆப்ஷனாக இருக்கும் கேட்டர்ஹாம் போன்ற கார்களில் இந்தப் பேச்சை இன்னும் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். அதில் சாலைக்கு ஏற்ற எஸ் பேக், திடலுக்கு ஏற்ற ஆர் பேக் என இரண்டு வழிகள் உண்டு. இருவர் பயணம் போவதானால் முழுக் கண்ணாடி, ஹீட்டர், மழைக்கூரை மூன்றும் இருக்கட்டும். ஸ்பீக்கரைப் பொறுத்தவரை, கூரையைத் திறந்து போகும்போது காற்றின் இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்காது; அடிப்படையாக என்ன தருகிறார்களோ அதுவே போதும்.

துணிக்கூரையா, உறுதியான கூரையா என்பதையும் கேட்டிருக்கிறீர்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின், மடங்கும் உறுதியான கூரை கொண்ட ஆர்எஃப் வகை, துணிக்கூரை வகையைவிட 45 முதல் 50 கிலோ வரை கூடுதல் எடை கொண்டது. அந்த எடையின் பெரும்பகுதி காரின் உச்சியில் அமர்கிறது. துணிக்கூரையை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் பின்னுக்குத் தள்ளிவிடலாம். நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு ஆர்எஃப் அமைதி தரும். மற்றவர்களுக்குத் துணியே போதும்.

கேள்வி: என் உயரம் 6 அடி 2 அங்குலம். உடலைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும் பந்தய வகை பக்கெட் சீட் எடுத்தால் எடை குறையும் என்கிறார்கள்.

குறையும். ஆல்பைன் ஏ110 தொடக்கப் பதிப்பில் வந்த சாபெல்ட் சீட் ஒன்றின் எடை 13.1 கிலோ, மின்மோட்டார் வைத்த சாதாரண சீட்டோடு ஒப்பிட்டால் இது மிகவும் குறைவு. எடை குறைப்புக்குச் செலவிடும் பணத்தில் உருப்படியான பலன் தருவது சீட்தான். ஆனால் அதன் சாய்மானத்தை மாற்ற முடியாது. ஆகவே அந்தச் சீட் பொருத்திய காரிலேயே குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்காமல் பதிவு செய்யாதீர்கள்.

உட்காரும்போது நீங்கள் வழக்கமாக அணியும் காலணியோடு உட்காருங்கள். குறுகலான காரொன்றை முதன்முதலில் ஓட்டிய அன்று, என் வலது காலணியின் விளிம்பு பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றாக அழுத்திவிட, கார் நிற்பதற்குப் பதிலாக உறுமியது. மெல்லிய அடியுள்ள காலணிக்கு மாறிய பிறகே மூச்சு வந்தது. கிளட்சை முழுதும் மிதிக்கும்போது முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறதா, தலைக்கும் கூரைச் சட்டத்துக்கும் இடையே ஒரு கையளவு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் உயரத்துக்குத் தாழ்த்தப்பட்ட தரை என்னும் ஆப்ஷன் பெரும்பாலும் தேவைப்படும். கேட்டர்ஹாமில் 11 செ.மீ. கூடுதல் அகலமுள்ள எஸ்வி சேசிஸும் உண்டு. இரண்டையும் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: செராமிக் பிரேக், கார்பன் ஃபைபர் பாகங்கள், லித்தியம் பேட்டரி ஆகியவை பணத்துக்குத் தகுமா?

செராமிக் டிஸ்க்குகள் இரும்பு டிஸ்க்குகளில் ஏறத்தாழ பாதி எடைதான். அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே குறையும் எடை. ஆயினும் ஒரு டன்னைச் சுற்றியுள்ள காருக்கு இரும்பு டிஸ்க்கே போதுமான அளவு நிறுத்தும் திறனைத் தருகிறது. நல்ல பேடும் புதிய பிரேக் ஆயிலும் போட்டுவிட்டால் திடலிலும் தாங்கும். செராமிக்கை மாற்ற வேண்டி வரும் நாளில் செலவு திகைக்க வைக்கும். லித்தியம் பேட்டரி பத்து கிலோ வரை குறைக்கும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அவசரம் இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடியின் மூடி, டாஷ்போர்டு ஓரம் போன்ற இடங்களில் ஒட்டப்படும் கார்பன் அலங்காரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்க வசதியில்லை. பழைய கார் பார்க்கிறேன். ஆப்ஷன் விஷயத்தில் எதைக் கவனிப்பது?

முதல் உரிமையாளர் எதையெல்லாம் தேர்ந்தார் என்பதைக் காட்டும் தொழிற்சாலைத் தாளைக் கேளுங்கள். டிஃபரன்ஷியல், சேசிஸ் அகலம், கூரை, ஏ.சி. ஆகியவை உங்களுக்கு வேண்டியபடி இருந்தால், நிறமும் தையல் நூலும் பிடிக்காவிட்டாலும் அந்தக் காரைத் தொடர்ந்து பாருங்கள். பின்னால் பொருத்தப்பட்ட ஸ்பிரிங், சைலன்சர், சீட் எதுவாயினும், அவற்றின் அசல் பாகங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று கேட்டு, இருந்தால் அவற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய காரின் கூரை ஓரத்து ரப்பரை விரலால் அழுத்தி, அது வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெடித்திருந்தால் முதல் மழையில் தண்ணீர் நேராக உங்கள் முழங்காலில்தான் சொட்டும்.