பட்டுப் படலம் ஏன் கரைகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பட்டு புண்ணை ஆற்றும் என்கிறார்களே. வீட்டில் வளர்க்கும் கூட்டைப் பிரித்து அப்படியே காயத்தின் மேல் வைக்கலாமா? – பட்டு விவசாயி, தருமபுரி

பதில்: வைக்காதீர்கள். கூட்டுக்குள் புழுவின் கழிவும் கிருமியும் இருக்கும். கூட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு செரிசின் என்ற பசை. அது இழையோடு சேர்ந்திருந்தால் உடம்பு ஒவ்வாமை காட்டக்கூடும். காயத்துக்கான படலங்களைப் பெரும்பாலும் பசை நீக்கிய ஃபைப்ராயினில்தான் (பட்டு இழையின் மூலப் புரதம்) செய்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் வார்த்த ஃபைப்ராயின் படலம் தண்ணீர் பட்டதும் கரைகிறது. இன்னொரு முறை கரைசல் டயாலிசிஸ் பையிலேயே (கரைசலிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வுப் பை) கட்டியாகிவிட்டது. எங்கே தவறு? – முதுகலை மாணவி, கோவை

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஃபைப்ராயினின் புரதச் சங்கிலிகள் பீட்டா அடுக்காக, அதாவது பக்கம் பக்கமாக இறுகப் படிந்து, நெருங்கினால் தண்ணீரில் கரையாது. படலத்தில் அது நடக்கவில்லை. பையில் முன்கூட்டியே நடந்துவிட்டது.

பைக்குப் போகும் கரைசலிலிருந்து தொடங்குவோம். 5 கிராம் கூட்டை 2 லிட்டர் தண்ணீரில் 4.24 கிராம் சோடியம் கார்பனேட் சேர்த்து 30 நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். இந்த எடை நீரற்ற தூளுக்கு; படிகச் சலவைச் சோடா என்றால் 11.4 கிராம் வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சோடா குறைந்தால் செரிசின் முழுதாக நீங்காது. அதற்குப் பயந்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் சங்கிலிகள் அறுபட்டுப் படலம் வலுவிழக்கும். அலசி உலர்த்திய இழையை 9.3 மோலார் லித்தியம் புரோமைடில் 60 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் கரையுங்கள். பிறகு 48 மணி நேர டயாலிசிஸ், தண்ணீரை ஆறு முறை மாற்றி. கரைசலைக் குலுக்குவதும், ஊசியில் வேகமாக உறிஞ்சுவதும், வெயில் படும் மேசையில் விட்டுவைப்பதும் அதைக் கட்டியாக்கும். 4 டிகிரியில் வையுங்கள். அங்கும் சில வாரங்களில் கட்டிவிடும், ஆகவே சீக்கிரம் வார்த்துவிடுவது நல்லது.

உலர்ந்த படலத்தை மெத்தனாலில் நனைத்தால் கரையாது. ஆனால் முறுகி உடையும். மூட்டு மடிப்பில் ஒட்ட அது உதவாது. அடியில் தண்ணீர் ஊற்றிய வெற்றிட டெசிக்கேட்டரில் (காற்றை உறிஞ்சி எடுக்கும் மூடிய கலன்) ஓர் இரவு வைப்பதே எங்கள் பரிந்துரை. படலம் கரையாது, வளையும், மெத்தனால் எச்சமும் இராது.

கேள்வி: பட்டுத் தையல் நூல் கரையாத வகை. அப்படியானால் படலமும் உடம்பிலேயே தங்கிவிடுமா? – வாசகர், மதுரை

பதில்: 60 நாளுக்கு மேல் வலு நிற்பதால்தான் நூலுக்கு அந்தப் பெயர். உடம்பின் நொதிகள் அதையும் மெல்ல அரிக்கும். ஓராண்டுக்குள் வலுவில் பெரும்பகுதி போய்விடும். படலம் எவ்வளவு நாள் தாங்கும் என்பது பீட்டா அடுக்கின் அளவைப் பொறுத்தது.