கோயில் சுவரும் காலண்டர் தாளும்: தமிழ்நாட்டு ஓவியங்களில் சமூகம் (கேள்வி பதில்)

கேள்வி (பள்ளி ஆசிரியை, புதுக்கோட்டை): சித்தன்னவாசல் சமணக் குடைவரைக் கோயிலின் கூரையில் தீட்டப்பட்டிருப்பது ஒரு தாமரைக் குளம். அதைக் காட்டி அக்காலச் சமூகத்தைப் பற்றி மாணவர்களிடம் என்ன சொல்வது?

பதில்: சமணர் வணங்கும் அருகனின் அறவுரையைக் கேட்கச் செல்லும் சமண அடியார்கள் வழியில் பூக்கொய்யும் குளம் அது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். சமயக் கருத்து அப்படியிருக்க, ஓவியர் அதற்குள் மீன்களையும் எருமைகளையும் யானைகளையும் பறவைகளையும் நெருக்கமாக வைத்திருக்கிறார். ஊர்க் குளத்தின் கரையில் நின்று பார்த்த கண் அது. இதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது அங்குள்ள கல்வெட்டைப் பற்றி. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலுக்குத் திருப்பணி செய்ததை அது தெரிவிக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தேவாரப் பாடல்கள் சமணரைக் கடுமையாகச் சாடியதை மட்டும் படித்தவர்கள், அதோடு சமணம் பாண்டிய நாட்டில் அற்றுப்போயிற்று என்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அதற்குக் கொடையாளர் இருந்தார், தேர்ந்த ஓவியரும் கிடைத்தார் என்பதற்கு அந்தக் கூரையே சாட்சி.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியத்தின் மேல் நாயக்கர்கள் தங்கள் ஓவியத்தைப் பூசி மறைத்தது பகைமையாலா?

பதில்: பகைமை என்று கொள்ள எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. பழைய சுவருக்குப் புதுச் சுதை (சுண்ணாம்புச் சாந்து) பூசிப் புதிதாகத் தீட்டுவதை அக்காலத்தவர் திருப்பணி என்றே கருதினார்கள். கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய, இருண்ட நடையில் அந்தப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் சில இடங்களில் மேல் அடுக்கைச் சிதையாமல் பிரித்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்ததால், இரு காலத்து ஓவியங்களும் இன்று நமக்குக் கிடைத்திருக்கின்றன.

அங்குள்ள சுந்தரர் கதையை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். திருமண வீட்டில் விருந்துக்கான ஏற்பாடுகள் நடக்கின்றன. சிவபெருமான் ஒரு கிழவராகக் குடையும் ஓலையுமாக வந்து, மணமகனான சுந்தரர் தனக்கு அடிமை என்று வழக்காடுகிறார். ஊர்ச் சபையார் கூடி அந்த ஓலையை ஆராய்கிறார்கள். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடுவதற்கு நூறாண்டுக்கும் முன்பே இந்தக் காட்சி சுவரில் ஏறிவிட்டது. நிலத்தையும் வரியையும் கொடையையும் ஓலையில் எழுதிக் கல்லிலும் வெட்டிவைத்த ஓர் அரசின் காலத்தில், இறைவனே ஆவணத்தோடு சபைக்கு வந்து வழக்குரைக்கும் கதை விரும்பித் தீட்டப்பட்டதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. அந்தச் சபையாரின் முகங்களில் தெரியும் திகைப்பை, நம் ஊர்ப் பஞ்சாயத்தில் எதிர்பாராத பத்திரம் ஒன்று வெளிவரும்போது இன்றும் காணலாம்.

கேள்வி (இல்லத்தரசி, கும்பகோணம்): தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களில் ஆடும் பெண்கள் உண்மையில் வாழ்ந்தவர்களா?

பதில்: சுவரில் உள்ள ஒருத்தியை இன்னாரென்று பெயர் சொல்ல இயலாது. ஆனால் ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடிப் பாடிப் பணிசெய்த பெண்களை, தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தியதை அக்கோயில் கல்வெட்டே விரிவாகக் கூறுகிறது. ஒவ்வொருவரின் பெயரும், எந்த ஊரிலிருந்து வந்தார், தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாம் வீடு என்பதும் அதில் உண்டு. ஊதியமாக ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் (பழைய முகத்தலளவை) நெல். கலைக்கு ஓர் அரசு எவ்வளவு செலவிட்டது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் ஆவணங்கள் அரிது. அந்த நெல்லை விளைவித்தவர்களுக்கோ சுவரின் நடுவில் இடம் கிடைக்கவில்லை. ஓவியத்தில் யார் இருக்கிறார்கள் என்பதோடு, அதற்கு நெல் அளந்தவர்கள் யார் என்றும் கேட்டால்தான் சமூகம் முழுமையாகத் தெரியும்.

கேள்வி (வழக்கறிஞர், மதுரை): ஐரோப்பியர் வருகை நம் ஓவியங்களில் பதிவாகியுள்ளதா?

பதில்: பதிவாகியுள்ளது. இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் அவ்வூரை ஆண்ட சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியும், தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும் இடம்பெற்றுள்ளன. அடுத்த தலைமுறைகளில் நிலைமை தலைகீழாகிறது: பார்க்கப்பட்ட வெள்ளையர், படம் வாங்குபவராகிறார். குயவரும் மனைவியும், நெசவாளரும் மனைவியும் என்று தொழில்வாரியாக, சாதிவாரியாக இணை இணையாகத் தீட்டிய தாள்களைத் தஞ்சை ஓவியர்கள் அவர்களுக்கு விற்றார்கள். கோயில் சுவரில் இடம் பெறாத உழைப்பாளி முதன்முறையாகப் படத்தின் நடுவுக்கு வந்தது, அவரை வகைப்படுத்திப் பார்க்க விரும்பிய அயலாருக்காக என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

கேள்வி (அச்சகத் தொழிலாளி, சிவகாசி): நாங்கள் அச்சிட்ட சாமி காலண்டரையும் கலை என்று சொல்வீர்களா?

பதில்: தயக்கமின்றிச் சொல்வேன். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்தவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் உங்கள் ஊர் அச்சகங்கள் வழியாக வீடுதோறும் சென்றார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முடிந்ததே 1939இல்தான். அதுவரை வாசலோடு நிறுத்தப்பட்ட குடும்பங்களின் வீட்டுச் சுவரில், ஓர் ஆணியில் தொங்கிய தாளில் சாமி முகம் காட்டியது என்றால், அதன் சமூகப் பொருள் எந்தச் சுவரோவியத்துக்கும் குறைந்ததன்று.

கேள்வி (ஓவிய மாணவி, சென்னை): இத்தனை சுவர்களைத் தீட்டியவர்களில் ஒருவரும் தம் பெயரை எழுதிவைக்கவில்லையா?

பதில்: பெரும்பாலோர் எழுதவில்லை. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்துக்கு ஒருமுறை சென்று வாருங்கள். புராண அரசனான முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை அங்கே விதானத்தில் (மேற்கூரையின் உட்புறத்தில்) பட்டை பட்டையாக ஓடுகிறது. ஊர்வலம், வாத்தியங்கள், வாணவேடிக்கை எல்லாவற்றுக்கும் அடியில் தமிழில் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைத் தீட்டியவர் சிங்காதனம் என்ற ஓவியர். தேவர்களும் அரசரும் நிறைந்த அந்தக் கூட்டத்தில் தம் உருவத்தையும் வரைந்து, பெயரையும் எழுதியிருக்கிறார். வண்ணம் பல இடங்களில் உதிர்ந்துவிட்டதால், போகும்போது கழுத்து வலியைப் பொருட்படுத்தாமல் பொறுமையாக அண்ணாந்து தேடுங்கள்.