தோளில் எடுத்த கட்டி டிஎஃப்எஸ்பி என்று பயாப்சியில் வந்திருக்கிறது. என் தங்கை முழுமையாகக் குணமடைவாளா?

குணமடைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அது பெரிதும் அறுவை எவ்வளவு அகலமாகவும் ஆழமாகவும் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அம்பாசமுத்திரம் பக்கம் வயல்வேலை செய்யும் எங்கள் அத்தானுக்கு 41 வயதில் இதே டிஎஃப்எஸ்பி, அதாவது தோலில் மெதுவாக வளரும் டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்டுபெரன்ஸ் என்ற அரிய வகைப் புற்றுநோய் வந்ததால் சொல்கிறேன்.

இடது தோளில் புளியங்கொட்டை அளவில், வலியே இல்லாமல் இருந்த தடிப்பை, மூட்டை சுமந்த காய்ப்பு என்று நான்கு ஆண்டுகள் விட்டுவிட்டோம். பிறகு ஒரு சிறிய மருத்துவமனையில் கொழுப்புக் கட்டி என்று சொல்லித் தோண்டி எடுத்தார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அந்த ஒரு தவறுதான் எங்களை இன்றும் வருத்துகிறது. ஒன்றரை ஆண்டில் அதே தழும்பின் ஓரத்தில் மூன்று முடிச்சுகளாக அது மீண்டும் எழும்பியது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனையில் மருத்துவர் அத்தானிடம், "அண்ணாச்சி, வயல்ல கோரையை மேலோட்டமாப் பிடுங்கினா போயிருமா? கிழங்கு மண்ணுக்குள்ள ஓடிக் கிடக்கும்லா" என்றார். இந்தக் கட்டியும் கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டி, தோலடிக் கொழுப்புக்குள் விரல் விரலாக ஓடுகிறது; ஆகவே சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. நல்ல தோலையும், அடியில் தசையை மூடியிருக்கும் உறையையும் சேர்த்தே எடுக்கிறார்கள். விளிம்புகளை உடனுக்குடன் நுண்ணோக்கியில் பார்த்து அடுக்கடுக்காக எடுக்கும் மோஸ் முறையில் மறுபடி வருவது இன்னும் குறைவு. அந்த வசதி சில இடங்களில்தான் உண்டு. அத்தானுக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது ஒட்டுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் அக்கா வயிறாரச் சாப்பிட்டாள்.

அறுவை செய்ய இயலாத அளவுக்குப் பரவியவர்களுக்கு இமாட்டினிப் மாத்திரை இருக்கிறது. 17ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் ஓயாமல் எழும் வளர்ச்சிக் கட்டளையை அது தடுக்கிறது. அமெரிக்காவில் இந்நோய்க்கு 2006இல் அனுமதி பெற்றது.

நுரையீரல் முதலிய இடங்களுக்குப் பரவுவது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பத்தாண்டு கடந்து வாழ்பவர்கள் 95 விழுக்காட்டுக்கும் மேல். அறிக்கையில் ஃபைப்ரோசார்கோமா மாற்றம் (கட்டியின் ஒரு பகுதி வீரியம் கூடிய வகையாக மாறியிருப்பது) என்று இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மீண்டும் வருவது பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளில் என்பதால், அத்தானை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அழைத்துச் சென்றோம். கார் அறுவடையோடு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன; மறுபடி வரவில்லை.

உங்கள் தங்கையின் அறிக்கையில் விளிம்புகளில் நோய் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி எழுதவில்லையென்றால், எடுத்த கட்டியைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டைகளையும், நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு, தாமதிக்காமல் புற்றுநோய் அறுவை மருத்துவரிடம் போங்கள்.