பி.எட். முடித்தவர்கள் ஏன் சில வருடங்களிலேயே ஆசிரியர் வேலையை விடுகிறார்கள்?

குழந்தைகளைச் சமாளிக்க முடியாமல்தான் போகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளை வைத்துச் சொன்னால், காரணங்களில் குழந்தைகள் கடைசியில்தான் வருவார்கள்.

முதலில் சம்பளம். பட்டப்படிப்பு, அதன்மேல் பி.எட். (2015 முதல் அது இரண்டு வருடப் படிப்பு). இவ்வளவும் முடித்தவருக்குப் பல சிறிய மெட்ரிக் பள்ளிகளில் கிடைப்பது ஜவுளிக்கடை விற்பனையாளர் சம்பளம்தான். சில இடங்களில் மே மாதம் அதுவும் கிடையாது. ஆனால் அட்மிஷனுக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கச் சொல்வது அந்த மே மாதத்தில்தான்!

அப்புறம் வேலைப் பங்கீடு. புதியவருக்குத்தான் உதவி தேவை, நடப்பதோ தலைகீழ். சீனியர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய வகுப்பு, லீவு போட்டவரின் பீரியடு, ஆண்டு விழா நடனம், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் பெற்றோர் கேள்வி, எல்லாம் அவர் தலையில். பாடம் தயாரிக்க நேரம் எங்கே? தயாரிக்காமல் போனால் வகுப்பு கட்டுக்குள் நிற்காது. 'சமாளிக்கத் தெரியாதவர்' என்ற பெயர் இப்படித்தான் வருகிறது. என்னைக் கேட்டால், சம்பளத்தைவிட இதுதான் ஆளை உடைக்கிறது.

இன்னொன்று, பலருக்குத் தனியார் பள்ளி என்பது அரசு வேலை வரும்வரைதான். முன்பு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சியோடு வெயிட்டேஜ் மதிப்பெண் (பிளஸ் டூ, பட்டம், பி.எட். மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிடுவது) பார்த்து நியமித்தார்கள். 2018 அரசாணைக்குப் பிறகு, தேர்ச்சி பெற்றவர்களும் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். பள்ளிக்குப் போய்க்கொண்டே அதற்குப் படிப்பது சிரமம் என்று வேலையை விட்டுக் கோச்சிங் சேருகிறவர்கள் உண்டு. வேறு சிலர் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார்கள், வருமானமும் பரவாயில்லை.