கழுத்துல அடிபட்டவருக்கு திடீர்னு தலைவலியும் வேர்வையும் வந்தா முதல்ல நிமிர்த்தி உட்கார வைங்க

கேள்வி: பொள்ளாச்சி பக்கத்துல இருந்து எழுதுறேன் டாக்டர். என் வீட்டுக்காரர் மூணு வருஷம் முன்னாடி தென்னை மரத்துல இருந்து விழுந்துட்டார், கழுத்து தண்டுவடத்துல சி6ங்கற இடத்துல அடின்னு சொன்னாங்க. கையை தூக்குவார், விரல் வேலை செய்யாது, நெஞ்சுக்கு கீழ உணர்வு இல்ல, யூரினுக்கு டியூப் போட்டிருக்கு. இப்ப கொஞ்ச நாளா திடீர் திடீர்னு மண்டை பொளக்குதுன்னு கத்துறார், முகம் செவந்து நெத்தியெல்லாம் வேர்த்து ஊத்துது. பக்கத்து கிளினிக்ல பிபி 140 தானே, டென்ஷன்தான், படுத்து ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொல்லிட்டாங்க. படுத்தா இன்னும் ஜாஸ்தியாகுது. யூரின் கலங்கலா இருக்குன்னு அடிக்கடி ஆன்டிபயாட்டிக் வேற போடுறோம். என்ன பண்றது?

பதில்: சகோதரி, நீங்க எழுதினதுல அந்த 140ங்கற நம்பரும், படுத்தா ஜாஸ்தியாகுதுங்கறதும்தான் எனக்கு முதல்ல கண்ணுல பட்டது. டென்ஷன்னு இதை விட்டுடாதீங்க. தண்டுவடத்துல டி6ங்கற நெஞ்சு மட்டத்துலயோ அதுக்கு மேலயோ, அதாவது கழுத்துலயோ மேல் முதுகுலயோ அடிபட்டவங்களுக்கு ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்ஸியான்னு ஒண்ணு வரும், நீங்க சொல்ற அத்தனையும் அதுக்கு பொருந்துது. இது எமர்ஜென்சி. கவனிக்காம விட்டா மூளையில ரத்தக்கசிவு, ஃபிட்ஸ் வரைக்கும் போகும்.

உள்ள என்ன நடக்குதுன்னா, அவருக்கு நெஞ்சுக்கு கீழ எதாவது தொந்தரவு இருக்கும், மூத்திரப்பை ரொம்பியிருக்கும், மலம் இறுகியிருக்கும், புண்ணு இருக்கும், ஆனா அந்த சேதி கழுத்தை தாண்டி மூளைக்கு போக வழியில்லாததால அவருக்கு வலி தெரியாது. இருந்தாலும் தண்டுவடம் கீழ தன்னால வேலை செஞ்சு வயிறு, கால்ல இருக்கற ரத்தக்குழாயை எல்லாம் சுருக்கிடும், பிபி சர்ருனு ஏறிடும். மூளை அதை தெரிஞ்சுகிட்டு குறைக்க பார்க்கும், ஆனா அதோட உத்தரவு கழுத்துக்கு மேல மட்டும்தான் செல்லும், அதான் முகம் செவக்குது, வேர்க்குது, மூக்கு அடைக்குது, தலை பொளக்குது, நாடித்துடிப்பு கூட மெதுவாகலாம்.

இப்ப அந்த 140க்கு வரேன். கழுத்துல அடிபட்ட நிறைய பேருக்கு சாதாரணமாவே மேல் பிபி 90ல இருந்து 110க்குள்ளதான் இருக்கும். அவருக்கு வழக்கமா 95 இருந்தா 140ங்கறது 45 ஏறினது, வயசு வந்தவங்களுக்கு வழக்கத்தை விட 20ல இருந்து 40 ஏறினாலே இதை சந்தேகப்படணும். கிளினிக்ல இருக்கறவங்க வேணும்னு தப்பா சொல்லல, அவரோட வழக்கமான நம்பர் அவங்களுக்கு தெரியாது, அதை சொல்ல வேண்டியது நீங்கதான். அதனால ஒரு டிஜிட்டல் பிபி மெஷின் வாங்கி, அவர் நல்லா இருக்கும்போது ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் பார்த்து எழுதி வைங்க. அதை ஒரு அட்டையில, இவருக்கு கழுத்துல தண்டுவட காயம், வழக்கமான பிபி இவ்வளவு, தலைவலி வந்தா படுக்க வைக்கக் கூடாதுன்னு எழுதி வீல்சேர்லயே மாட்டிடுங்க.

அடுத்த தடவை வந்தா உடனே நிமிர்த்தி உட்கார வைங்க, காலை தொங்க விடுங்க, ரத்தம் காலுக்கு இறங்கி பிபி கொஞ்சம் குறையும். படுக்க வைக்கவே வேண்டாம். பெல்ட், இறுக்கமான துணி, காலுறை, யூரின் பேக் பட்டை எல்லாத்தையும் தளர்த்துங்க, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிபி பாருங்க.

அப்புறம் காரணத்தை தேடுங்க, முதல்ல டியூபை, ஏன்னா பெரும்பாலும் மூத்திரப்பைதான் காரணமா இருக்கும். பேக் ரொம்பியிருக்கா, டியூப் மடங்கியிருக்கா, தொடைக்கு அடியில மாட்டியிருக்கா பாருங்க. யூரினே இறங்கலைன்னா அடைப்புதான், அடிவயித்தை அமுக்கி பார்க்காதீங்க, பிபி இன்னும் ஏறிடும். நர்ஸ் உங்களுக்கு சொல்லி குடுத்திருந்தா 10, 15 மில்லி சலைன் மெதுவா விட்டு பாருங்க, அப்பவும் இறங்கலைன்னா உடனே டியூபை மாத்தணும், மாத்தும்போது மரத்துப்போக வைக்கிற ஜெல்லி போட்டு ரெண்டு நிமிஷம் காத்திருக்க சொல்லுங்க. யூரின் சரின்னா அடுத்து மோஷன், ஆனா பிபி 150க்கு மேல இருக்கும்போது வீட்ல விரல் விட்டு எடுக்க போகாதீங்க, அது ஆஸ்பத்திரியில மருந்து குடுத்துட்டு செய்ய வேண்டியது. அதுவும் இல்லைன்னா துணியை கழட்டி உடம்பை முழுசா பாருங்க, படுக்கைப்புண், உள்ள வளர்ந்த கால் நகம், சுருங்கின துணி மடிப்பு, சட்டைப்பையில இருக்கற சாவி கூட போதும்.

காரணம் தெரியல, பிபி 150க்கு மேலயே நிக்குது, இல்ல தலைவலி குறையவே இல்லைன்னா 108க்கு கூப்பிடுங்க, போற வழியிலயும் உட்கார வெச்சே கூட்டிட்டு போங்க. அங்க ஒண்ணு கூச்சப்படாம சொல்லணும், அவர் சில்டெனாஃபில் மாதிரி தாம்பத்ய மாத்திரை ஏதாவது சமீபத்துல சாப்பிட்டிருந்தா கண்டிப்பா சொல்லுங்க, ஏன்னா பிபி இறக்க குடுக்கற நைட்ரேட் மருந்தோட அது சேர்ந்தா உயிருக்கே ஆபத்து. இதை மறைச்சு வைக்கிற குடும்பங்களை பார்க்கும்போது எனக்கு ரொம்ப கவலையா இருக்கும், இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

ஆன்டிபயாட்டிக் பத்தி. ரொம்ப நாளா டியூப் இருக்கறவங்க யூரின்ல கிருமி கிட்டத்தட்ட எப்பவுமே இருக்கும், கலங்கலா இருக்கு, வாடை வருதுங்கறதுக்காக மட்டும் மாத்திரை போட்டா கிருமி மருந்துக்கு பழகிடும், நெஜமா தேவைப்படும்போது கேக்காது. காய்ச்சல், குளிர் நடுக்கம், கை கால் வெட்டி இழுக்கறது திடீர்னு கூடுறது, இந்த தலைவலி வேர்வை, இதெல்லாம் இருந்தா டியூபை மாத்திட்டு புது டியூப்ல இருந்து யூரின் எடுத்து, எந்த கிருமின்னு பார்க்கற கல்ச்சர் டெஸ்ட்டுக்கு குடுங்க, அதுக்கப்புறம் மருந்து. பழைய பேக்ல இருந்து எடுத்து குடுக்கற சாம்பிளை நம்பி மருந்து எழுத முடியாது. எப்பவும் டியூப் வைக்காம, நாலு மணி நேரத்துல இருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் போட்டு யூரினை இறக்கிட்டு எடுத்துடற முறையும் இருக்கு, அவர் விரல் வேலை செய்யாததால நீங்கதான் போட வேண்டி வரும், உங்க தினசரி வேலையோட அது முடியுமான்னு யோசிச்சு டாக்டர்கிட்ட பேசுங்க, முடியலைன்னா அது உங்க குத்தம் இல்ல.

புண்ணு பத்தி நீங்க எழுதலை, ஆனாலும் ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பி விடுங்க, உட்காரும்போது அடிக்கடி முன்னாடி சாய்ச்சு விடுங்க. செவந்த இடத்தை தேய்க்காதீங்க, உணர்வு இல்லாத இடத்துல வெந்நீர் ஒத்தடம் குடுக்கவே கூடாது, வெந்துட்டாலும் அவருக்கு தெரியாது.

இதையெல்லாம் நேர்ல கத்துக்க வேலூர் சிஎம்சியோட பாகாயம் ரீஹேப் சென்டர், தென்காசி பக்கம் ஆய்க்குடில அமர் சேவா சங்கம் இருக்கு, உங்களுக்கு எது தோதோ அங்க போங்க. ஆய்க்குடி சங்கத்தை ஆரம்பிச்ச ராமகிருஷ்ணனே 1975ல கழுத்துல அடிபட்டு கை கால் செயலிழந்தவர்தான். போகும்போது அந்த பிபி நோட்டையும், இதுவரைக்கும் குடுத்த மாத்திரை சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டு போங்க, கிட்னிக்கும் மூத்திரப்பைக்கும் வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் பார்க்கணும், கடைசியா எப்ப பார்த்தீங்கன்னு கேப்பாங்க.